ஃப்ரேசல் வெர்ப்: பட்டியல் போட்டுப் படிப்பதா, உள்ளே இருக்கும் ஒழுங்கைப் பிடிப்பதா?

அரைநிலா:
ஆங்கிலத்தில் ஒரு வினையோடு அப், அவுட், ஆஃப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதற்குப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. 'கெட்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே கெட் அப், கெட் ஓவர், கெட் அலாங் என்று அடுக்கிப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். வினையை விட்டுவிட்டுப் பின்னால் வரும் சின்னச் சொல்லைப் பாருங்கள். 'அப்' பல இடங்களில் மிச்சம் வைக்காமல் முடிப்பதைச் சொல்லும். ஈட் என்றால் சாப்பிடு, ஈட் அப் என்றால் முழுதும் சாப்பிட்டுவிடு. யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. தமிழில் 'விடு' செய்கிற வேலையை அங்கே 'அப்' செய்கிறது. 'அவுட்' வந்தால் பல நேரம் ஏதோ ஒன்று தீர்ந்துபோகிறது: ரன் அவுட் (கையிருப்பு தீர்வது), வேர் அவுட் (தேய்ந்துபோவது), பர்ன் அவுட் (எரிந்து தீர்வது). இந்தச் சின்னச் சொற்கள் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தூறல்:
பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழ வேண்டும், அரைநிலா. 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அதே வினை, அதே சின்னச் சொல், பொருள் மட்டும் தலைகீழ்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு 'தி டீல் ஃபெல் த்ரூ' என்று மெயில் வந்தது. த்ரூ என்றால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவதுதானே, ஒப்பந்தம் கைகூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்ட வேலைக்கு ஆள் கூட ஒதுக்கிவிட்டார். ஃபால் த்ரூ என்றால் கைகூடாமல் போவது. கைகூடியிருந்தால் 'வென்ட் த்ரூ' என்று வந்திருக்கும். அவர் சோம்பலால் தவறவில்லை. நீங்கள் சொல்லும் முறைப்படி யோசித்துத்தான் தவறினார்.

தமிழிலும் இப்படித்தான். 'காட்டு' தெரியும், 'கொடு' தெரியும். அதை வைத்துக்கொண்டு 'காட்டிக்கொடு' என்றால் துரோகம் என்று புதிதாகத் தமிழ் படிக்கிறவர் ஊகிப்பாரா? முழுசாக, வாக்கியத்தோடு கேட்டால்தான் வரும்.

அரைநிலா:
சொல்லிக்கொடு, வாங்கிக்கொடு, விட்டுக்கொடு, இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இன்னொருவருக்குப் பயன்படும்படி செய்வது என்ற இழை ஓடுகிறது. காட்டிக்கொடுப்பவன் எதிரிக்குப் பயன்படுகிறான், அவ்வளவுதான். அலாரமும் அப்படியே. துப்பாக்கி வெடிப்பதற்கும் 'கோ ஆஃப்' என்றுதான் சொல்கிறார்கள். பிடித்து வைத்திருந்தது சட்டென்று விடுபடுகிறது என்று பார்த்தால் பொருந்தும்.

தூறல்:
பொருள் தெரிந்த பிறகு பொருந்தும். தெரியாதவருக்கு அணைவதா, அடிப்பதா என்று எது சொல்லும்? சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இப்படி ஒரு சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் வேற்று மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதி, வரிசையாக எடுத்துக்காட்டும் தந்தார். அதில் 'டேக் ஆஃப்' உண்டு, நகல் செய்வது என்ற பொருளில். இன்றைக்கு விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, விடுப்பு எடுப்பது, ஒருவரைப் போலவே பேசிக் காட்டுவது எல்லாமே டேக் ஆஃப். இத்தனையையும் ஒரே இழையில் கோர்த்துக் காட்டுவது நல்ல ஆராய்ச்சி. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் இருக்காது.

மொழிவண்டி:
எதற்கு இந்தப் பாடு? தள்ளிப்போடுவதற்குப் புட் ஆஃப் வேண்டாம், போஸ்ட்போன் என்று சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வதற்குப் புட் அப் வித் வேண்டாம், டாலரேட் போதும். எல்லாருக்கும் புரியும்.

செம்பருத்தி:
பேசும்போது தப்பித்துக்கொள்ளலாம், மொழிவண்டி. கேட்கும்போது? எதிரில் இருப்பவர் நமக்காகச் சொல்லை மாற்றிப் பேச மாட்டார். தொனியும் மாறிவிடும். கதவைத் தட்டும் நண்பரிடம் 'கம் இன்' என்பதும் 'என்டர்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது அதிகாரி குரல்.

அப்புறம், நீங்கள் எல்லாரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். சொல் வரிசையிலும் ஒலியிலும்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான், 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' (பார்த்துக்கொள்) பிரியவே பிரியாது. ஒலியைப் பாருங்கள்: வினையாக 'ப்ரேக் டவுன்' (பழுதாகி நின்றுபோ) என்னும்போது அழுத்தம் 'டவுன்' மேல் விழும். 'எ ப்ரேக்டவுன்' என்று பெயர்ச்சொல் ஆனதும் அழுத்தம் 'ப்ரேக்'குக்குப் போய்விடும். படித்து மட்டும் கற்றவர்கள் அந்தச் சின்னச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் வெறும் 'டர்ன்' மட்டும் விழுகிறது.

அரைநிலா:
பிரிவதிலும் ஒழுங்கு இருக்கிறதே. ஆஃப்டர், அட், ஃபார் எல்லாம் பின்னால் ஒரு பெயரை இழுத்துக்கொண்டே வருபவை, அதனால் பிரியாது. அவே, பேக் தனியாக நிற்கும், அதனால் 'டேக் இட் அவே', 'கிவ் இட் பேக்'.

தூறல்:
'அப்' எந்தப் பக்கம்? அகராதியில் தேடினால் 'லுக் இட் அப்', மலை ஏறினால் 'கோ அப் இட்'. அதனால்தான் சொல்கிறேன், நோட்டில் 'டர்ன் ஆஃப்' என்று எழுதாதீர்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்றே எழுதுங்கள். யார் யாரிடம் எப்போது சொன்னது என்று ஒரு வரியும் சேருங்கள். எழுதிவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள், செம்பருத்தி சொன்ன அழுத்தமும் கூடவே வந்துவிடும்.

அரைநிலா:
இதில் எனக்குச் சண்டை இல்லை, அப்படியே எழுதலாம். ஆனால் பக்கங்களை வினை வாரியாகப் பிரிக்க மாட்டேன். அப், அவுட், ஆஃப், இன் என்று பிரிப்பேன்.

தூறல்:
சரி, 'ஃபில் இன் தி ஃபார்ம்', 'ஃபில் அவுட் தி ஃபார்ம்', இரண்டுமே படிவத்தை நிரப்புவதுதான். எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

அரைநிலா:
இரண்டிலும். 'இன்' பக்கத்தில், காலி இடத்துக்குள் எழுதுவது. 'அவுட்' பக்கத்தில், படிவம் முழுவதையும் முடிப்பது.