ஸ்பீச் தெரபி கிளினிக் பையில என்னென்ன வைக்கிறது?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். நான் ராகமையில ஸ்பீச் அன்ட் ஹியரிங் படிக்கிறன், அடுத்த மாசம் முதல் தடவையா பிள்ளைகளோட கிளினிக். சொந்தமா ஒரு சாமான் பை சேர்க்கச் சொல்லியிருக்கினம். நெட்டில பாத்தா பிள்ளைக்குக் காட்டிச் சொல்ல வைக்கிற வெளிநாட்டுப் படக் கார்ட் செட் எல்லாம் பயங்கர விலை, நான் வேற கோட்டையில ரயில் மாறிப் போறனான், பெரிய பை தூக்க ஏலாது. அதைவிட என்ர கவலை, கிளினிக்கில இருக்கிற கார்ட் முழுக்க சிங்களமும் இங்கிலிஷும்தான். ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து இருந்தா முன்னால வைக்க என்னட்ட ஒண்டும் இல்லையே எண்டு நித்திரையே வருதில்லை. செய்தாக்கள் சொல்லுங்கோ.

பொரளை அக்கா:
தங்கச்சி, கார்ட் வாங்காதீங்கோ. ஃபோனால உங்கட குசினியைப் படம் எடுங்கோ, பிரின்ட் போட்டு லமினேட் பண்ணுங்கோ. நான் முதல் வருசம் இந்தியாவில இருந்து ஒரு தமிழ் செட் எடுப்பிச்சனான். அதில நாற்காலி, ஆரஞ்சு எண்டு இருக்கும், பிள்ளை கதிரை, தோடம்பழம் எண்டு சொல்லும். பிள்ளை சொன்னதுதான் சரி, ஆனா நான் கேக்க நினைச்ச சத்தம் அந்தச் சொல்லில இல்லை, அண்டைக்கு முழு செஷனும் வீணாப் போச்சு.

இங்கிலிஷ் கார்டை அப்படியே தமிழாக்கவும் கூடாது. பிள்ளை 'க' சத்தத்தைச் சரியாச் சொல்லுதோ எண்டு பாக்கிறதெண்டா, சொல்லு முதல்ல வர காய், கண், கோழி. நடுவில வேணுமெண்டா அக்கா, மூக்கு, சக்கரம் மாதிரி இரட்டிச்ச சொல்லுத்தான் எடுக்கோணும், காகத்தில ரெண்டாவது 'க'வை நாங்கள் அப்பிடிச் சொல்லுறதில்லைதானே. சொல்லுக் கடைசியில 'க்' தமிழில வராது, அதைத் தேடி மினக்கெடாதீங்கோ. 'க'வுக்கு 'த' சொல்லுற பிள்ளைக்கு காய் - தாய், கட்டு - தட்டு எண்டு சோடியா ரெண்டு ரெண்டு படம் செய்யுங்கோ, பிள்ளை காயை நினைச்சு தாயை எடுத்துத் தா எண்டு சொல்லிப் போடும், நான் தாய் படத்தைத் தூக்கிக் குடுக்கேக்க பிள்ளைக்கே விளங்கும், காயைத்தானே கேட்டனான் எண்டு. இன்னொண்டு, மழையை 'மளை' எண்டு சொன்னா பிழை போடாதீங்கோ, வீட்டில அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா.

கொட்டாஞ்சேனை:
நான் இப்ப கடைசி வருசம். பையில நான் எப்பவும் வைக்கிறது சோப்புக் குமிழி போத்தல், சின்ன கார் ரெண்டு, துணிப் பொம்மை, முகம் பாக்குற கண்ணாடி, டோர்ச், கையுறை, நாக்கு அமத்துற மரக்குச்சி, துடைக்க வைப்ஸ். ஸ்டொப்வொச் ஃபோன்லயே இருக்கு. குமிழி போத்தல் மூடிய நல்லா இறுக்கிட்டு பிள்ளை கையில குடுங்க, தொறக்க ஏலாம உங்கள பாக்கும், அந்தப் பார்வைக்குத்தான் நாம காத்திருக்கணும். உடனே தொறந்துடாதீங்க, பிள்ளை தானாக் கேக்க நேரம் குடுத்து மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு டொய்லெட் பேப்பர் சுத்தி வர்ற அந்த அட்டைக் குழாய்க்குள்ள போற சாமான் எதுவும் வேணாம், தொண்டையில சிக்கும். வாயில வச்ச எல்லாத்தையும் அடுத்த பிள்ளைக்கு முன்ன கழுவிடுங்க.

ஒரு அம்மா:
நான் தெரபிஸ்ட் இல்ல, என்ட மகன் ரெண்டு வருஷமா போறார். முதல் நாள் அந்த மிஸ் மேசை நிறைய விளையாட்டுச் சாமான் பரப்பினாங்க, இவர் ஓடி ஓடி ஒண்டையும் பிடிக்கல்ல. அடுத்த முறை வீட்டுல அவருக்கு விருப்பமான சாமான கொண்டு வரச் சொன்னாங்க, நான் அவர்ட தேத்தண்ணிக் கோப்பையும் கரண்டியும் கொண்டு போனேன். அதுல தான் முதல்ல "தா" சொன்னார். கோப்பை வீட்டுலயே இருக்குறதால ராவைக்கும் எனக்கு செய்து பாக்க ஏலுமா இருந்திச்சு. உங்கட பையில கொஞ்சம் இடம் வெறுமையா விடுங்க மகள், பெற்றோர்கிட்ட முதல்லயே கோல் எடுத்துக் கேளுங்க.

வெள்ளவத்தை மாணவி:
அன்ரி, வாசிச்சு அழுதுட்டன். அக்கா, இண்டைக்கே அம்மாவோட குசினியில நிண்டு இருபத்தி மூண்டு படம் எடுத்திட்டன், பேணி, அகப்பை, துருவலை எல்லாம். துருவலையை இப்ப கொழும்புப் பிள்ளைகள் வீட்டில பாக்குதுகளோ, இல்லாட்டி அதை எடுத்திட்டு பிளெண்டர் வைக்கவோ?

பொரளை அக்கா:
ரெண்டையும் வையுங்கோ. எதைப் பாத்து வாய் திறக்குதோ, அந்தப் பிள்ளைக்கு அது.