பாட்டை வைத்து வரைந்த முதல் வெப்காமிக்ஸ்: கோடு மங்குகிறது, தாளம் படத்தில் தெரியவில்லை. உதவி தேவை

நீலப்பென்சில் (கேள்வி)

ஒரு பாட்டின் அமைப்பை அப்படியே பின்பற்றும் காமிக்ஸ், மொத்தம் 14 பக்கம். ஏ4 தாளில் வெளிர்நீலப் பென்சிலால் அடிவரைவு, அதன் மேல் பிக்மா மைக்ரான் 005, 01 பேனாக்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலர் ஸ்கேன், கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் வண்ணம், கடைசியில் 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஜேபெக். வசனம் மட்டும் பழைய ஃபோட்டோஷாப்பில்.

தாளில் கறுப்பாக இருக்கும் கோடு சுருக்கியதும் சாம்பலாகிறது. வண்ணம் ஊற்றினால் கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு நிற்கிறது. நீலத்தை அழிக்கப் போனால் மெல்லிய மைக்கோடும் சேர்ந்து போய்விடுகிறது. 'கொ', 'கை' எழுத்துகளில் கொம்பு இடம் மாறுகிறது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசங்கித் தெரிகிறது.

இதைவிடப் பெரிய குறை வேறு. சரணம் 7/8 (ஒரு சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு நீள அடி ஏழு), பல்லவி 4/4 (கால் பங்கு நீள அடி நான்கு). படித்துப் பார்த்தவர்களுக்குப் பாட்டு வரிகளுக்குப் படம் போட்ட மாதிரி இருக்கிறதே தவிர, தாளம் தெரியவில்லை. எங்கே பிழை?

மைத்தொட்டி

கோடு மங்குவதற்கு ஸ்கேனர் காரணமில்லை, கணக்குதான் காரணம். ஏ4 அகலம் 210 மி.மீ. அதை 800 பிக்சலில் அடைத்தால் மி.மீ.க்கு 3.8 பிக்சல். 005 பேனாவின் கோடு 0.20 மி.மீ., 01-இன் கோடு 0.25 மி.மீ. (பேனா மேல் இருக்கும் எண் மி.மீ. கணக்கு இல்லை, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.) அதாவது 005 கோட்டுக்குக் கிடைப்பது முக்கால் பிக்சல். பக்கத்து வெள்ளையோடு கலந்து அது சாம்பலாகத்தான் விழும்.

வரைந்ததைத் திரும்ப வரைய வேண்டாம். முழுப் பக்கத்தைச் சுருக்காமல் கட்டம் கட்டமாக வெட்டுங்கள். 100 மி.மீ. அகலக் கட்டம் 300 டிபிஐயில் 1181 பிக்சல்; அதை 800 ஆக்கினால் அதே 005 கோடு ஒன்றரை பிக்சலாக நிற்கும். இனி வரையும் பக்கங்களுக்கு வெளிக்கோடு 05 அல்லது 08 (0.45, 0.50 மி.மீ.), கண், விரல் போன்ற நுணுக்கத்துக்கு மட்டும் 01. ஸ்கேன் 600 டிபிஐ, 4960 × 7016 பிக்சல் வரும். ஸ்கேனரின் தானியங்கி ஷார்ப்பனை அணைத்துவிடுங்கள். அது தாளின் சொரசொரப்பையும் கோடு என்று நினைத்துக் கூர்மையாக்கும்.

நீலத்தை ரப்பரால் தேய்க்காதீர்கள், மை வெளுக்கும். கிம்ப்பில் மோனோ மிக்ஸரை (சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைக் கலந்து கறுப்பு-வெள்ளையாக்கும் கருவி) திறந்து சிவப்பு 0, பச்சை 0, நீலம் 1 என்று வையுங்கள். வெளிர்நீலம் நீல ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பி அனுப்புவதால் நீலச் சேனலில் தாளோடு தாளாகிவிடும். மை எல்லாச் சேனலிலும் கறுப்புதான், அதனால் தப்பிக்கும். பிறகு வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் கறுப்பு முனை 60, வெள்ளை முனை 215 பக்கம் தொடங்கி, தாளின் நிழல் மறையும் வரை நகர்த்துங்கள். அடிவரைவை அழுத்தி வரைந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதை வெள்ளைத் தூரிகையால் மூடிவிடலாம்.

வெள்ளை விளிம்புக்குக் காரணம், கோட்டின் ஓரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்கள். வாளிக் கருவி வெள்ளையைப் பிடித்துக்கொண்டே போய் அந்தச் சாம்பலில் நின்றுவிடுகிறது. கோட்டு லேயரை மேலே மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும் கலப்பு முறை) வையுங்கள். வண்ணம் தனி லேயரில், அதற்குக் கீழே. ஊற்றுவதற்கு முன் செலக்ஷனை 2 முதல் 3 பிக்சல் வளர்த்தால் வண்ணம் கோட்டுக்கு அடியில் புகுந்துவிடும். கிம்ப் 2.10.10 முதல் வாளியிலேயே கோட்டோவியத்தைக் கண்டறிந்து நிரப்பும் வசதி உண்டு. கோட்டில் மூடாத சிறு இடைவெளி வழியாகவும் வண்ணம் வெளியே கசியாது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் கலரைஸ் மாஸ்க்கும் இதே வேலையைச் செய்யும். வண்ணத்தை முடித்த பிறகே சுருக்குங்கள், சுருக்கிவிட்டு வண்ணம் போடாதீர்கள்.

எழுத்துரு_பித்தன்

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் பிழை இல்லை. பழைய ஃபோட்டோஷாப்பின் இயல்பான எழுத்து எஞ்சினுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, புதுக் கோப்பில், பாரா பலகையின் மெனுவில் வேர்ல்ட் ரெடி கம்போசரை வையுங்கள். உங்கள் பதிப்பில் அது இல்லாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கிம்ப்பும் தமிழைச் சரியாகவே கோக்கும், வண்ணம் அங்கேதானே போடுகிறீர்கள்.

அளவு: 800 பிக்சல் படம் போனில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கித் தெரியும். ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைக்கும் அளவு தமிழுக்குப் போதாது. ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 28 முதல் 32 பிக்சல் வையுங்கள், வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. செயற்கை போல்டு வேண்டவே வேண்டாம், சுழி மூடிவிடும். பலூ தம்பி 2 போலப் பல தடிமன்களோடு வரும் எழுத்துரு எடுத்தால் அந்தத் தேவையே வராது.

சிவப்பு கசங்குவது ஜேபெக்கின் நிறச் சுருக்கத்தால். 4:2:0 என்றால் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிறது. ஏற்றுமதி செய்யும்போது கூடுதல் விருப்பங்களில் 4:4:4 (நிறத் தகவலைக் குறைக்காதது) தேர்ந்தெடுங்கள், தரம் 90. தட்டையான வண்ணமே அதிகம் என்றால் பிஎன்ஜி.

ஏழுக்கு_எட்டு

தாளம் வராததற்கு நீங்களே காரணம் சொல்லிவிட்டீர்கள். வரிகளை வரைந்திருக்கிறீர்கள், எண்ணிக்கையை வரையவில்லை. தாளில் பென்சில் படுவதற்கு முன் ஒரு அடிப்பட்டியல் எழுதுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை அடி, எது பலமான அடி, எங்கே மௌனம். கட்டங்கள் அந்தப் பட்டியலிலிருந்து வரவேண்டும்.

7/8-ஐ நேரே ஏழு கட்டமாக வெட்டினால் பட்டாணி உரித்த மாதிரி இருக்கும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 2+2+3 ஆகத்தான் விழும். அப்படியானால் மூன்று கட்டம். பக்கவாட்டில் வைத்தால் அகலம் 220, 220, 330. நடுவே 15 பிக்சல் இடைவெளி இரண்டு. கூட்டினால் சரியாக 800. மூன்றாவது கட்டத்தின் அந்தக் கூடுதல் நீளம்தான் 7/8-இன் நொண்டல். அதை எந்தச் சுற்றிலும் சமன்செய்துவிடாதீர்கள்.

கட்டம் நேரத்தைக் காட்டுவது விகிதத்தால். வாசகரின் வேகம் உங்கள் கையில் இல்லை, அதனால் நொடிக் கணக்கு போடாதீர்கள். அவர் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் 2:2:3 மாறாது. இதைக் கெடுப்பது சொற்கள்தான். சின்னக் கட்டத்தில் இருபது சொல் வைத்தால் அங்கே வாசகர் நின்றுவிடுவார், தாளம் போய்விடும். அடி விழும் கட்டத்தில் மூன்று நான்கு சொல், அதற்கு மேல் வேண்டாம். நீண்ட வசனத்தை நீண்ட கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

பல்லவி திரும்ப வரும்போது அதே கட்ட அமைப்பையே திரும்ப வையுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி: வெளிச்சம், அல்லது ஆள் நிற்கும் இடம். திரும்ப வருகிறது என்று கண்ணுக்குத் தெரிவதே பாட்டு உணர்வு. அடி தப்பி விழும் இடங்களுக்குக் கை, கால், துணி ஏதாவது ஒன்று கட்டத்தின் ஓரக்கோட்டை மீறி அடுத்த கட்டத்துக்குள் நீளட்டும்.

நீலப்பென்சில்

மோனோ மிக்ஸர், 4:4:4 இரண்டும் வேலை செய்கின்றன, விளிம்பும் போய்விட்டது. 2:2:3 கட்டங்களைப் போனில் பார்த்தால் 220 அகலத்தில் முகமே தெரியவில்லை.

ஏழுக்கு_எட்டு

போனுக்கென்றால் அகலத்தை உயரமாக மாற்றுங்கள். எல்லாக் கட்டமும் முழு அகலம். எட்டில் ஒரு பங்கு அடி ஒவ்வொன்றுக்கும் 220 பிக்சல் உயரம்: 440, 440, 660. ஒரு கட்டத்தின் தலையிலிருந்து அடுத்ததன் தலை வரை இந்த அளவு. கீழுள்ள 60 பிக்சல் இடைவெளியும் இதற்குள்ளேயே. ஒரு சரணச் சுற்று 1540. 20:9 திரையில் 800 அகலத்துக்கு உயரம் 1777, முகவரிப்பட்டை போக ஏறக்குறைய ஒரு சுற்று ஒரு திரையில் அடங்கும். பல்லவியின் 4/4 சுற்றில் இதே எட்டில் ஒரு பங்கு அடி எட்டு வரும், அது 1760. அதை ஒரே படமாக வைத்தால் திரையைத் தாண்டி வழியும், பாட்டு விரியும் உணர்வு அங்கே தானாக வரும். திரை முழுக்க வெறுமை வேண்டுமானால் 1800-க்கு மேல் இடைவெளி. பாட்டு உண்மையிலேயே நிற்கும் ஓரிடத்தில் மட்டும்.

ஒலியைச் சேர்க்க நினைத்தால் 'தொடங்கு' பொத்தான் வையுங்கள். குரோம் 66 முதல் சத்தத்தோடு தானாக ஓடுவது தடைப்படும், அதை நம்பிக் கட்டம் அமைக்க முடியாது. பாட்டு வரிகளை பலூனில் எழுதுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், அதனால் சொந்தச் சொற்களே நல்லது.

மைத்தொட்டி

இசைக்கருவிகளை ஒருமுறை சரிபாருங்கள். கண்ணாடியில் பார்த்தோ செல்ஃபி வைத்தோ வரைந்தால் கிட்டார்காரர் இடக்கையராகிவிடுவார். கிராண்ட் பியானோவின் மூடி, வாசிப்பவரின் வலப்பக்கம்தான் திறக்கும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்ற கூட்டங்களாக வரும். சுரக்குறி வரைந்தால், ஐந்து கோடுகளில் நடுக்கோட்டுக்குக் கீழுள்ளதற்குக் காம்பு வலப்புறம் மேல்நோக்கி, மேலுள்ளதற்கு இடப்புறம் கீழ்நோக்கி. ஐந்தாம் பக்கத்தில் இரண்டு சுரக்குறிகளுக்கு அது தலைகீழாக இருக்கிறது.