பசிஃபிகா படப் புத்தகங்கள்: எங்கே சறுக்கும்?

தொகுப்பாசிரியர்:
நியூசிலாந்தில் வாழும் சமோவா, தோங்கா, குக் தீவுகள், நியுவே, தொகெலாவ், ஃபிஜி மக்களையெல்லாம் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் பசிஃபிகா. அந்தப் பொதுப்பெயருக்கு ஒரு குழந்தைகள் படப் புத்தகம் போட முடியாது. எந்த மக்களுக்கு, எந்த மொழியில் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கதையைத் தொட வேண்டும்.

சமோவன் என்றால் முதல் வரைவே சமோவனில் இருக்கட்டும். அந்த மொழியில் வினை முன்னால் வரும். 'உவ மொஎ லெ புஸி' என்றால் 'தூங்கிவிட்டது பூனை'. தூங்கியது யார் என்பதை அடுத்த பக்கத்தில் ஒளித்து வைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் பூனை முதலிலேயே வந்து நின்றுவிடும், பக்கம் திருப்பும் ஆவல் போய்விடும்.

அரிச்சுவடிப் புத்தகத்தை ஏ, பி, சி வரிசையில் போடாதீர்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் உயிரெழுத்துதான் முதலில், ஆனால் அவர்களுக்கு ஐந்துதான். பிறகு ஃப, ங, ல, ம, ந, ப, ஸ, த, வ. கடன் சொற்களுக்கு வேண்டிய ஹ, க, ர கடைசியில். ஆக 17. குழந்தைகள் இதைப் பாட்டாகவே பாடி வளர்கிறார்கள். வரிசை மாறினால் அவர்களே திருத்துவார்கள்.

பக்கம் அமைப்பவர்:
நெடில் குறியை விடவே கூடாது. 'தம' பையன், 'தமா' அப்பா. ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரு மேல்கோடுதான் வித்தியாசம். 'ஃபஇ' என்று சேர்த்துச் சொன்னால் செய்வது. நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொன்னால் வாழைப்பழம்! இந்த அடைப்புக்கான குறி 6 போல வளைய வேண்டும். மென்பொருள் தானாகப் போடும் மேற்கோள் குறி சொல்லின் நடுவில் 9 போலக் கவிழ்ந்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தற்செயலாகச் சரியாக விழும், அதைப் பார்த்து நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்த வசதியை அணைத்துவிட்டு, யூனிகோடில் இதற்கென்றே உள்ள எழுத்தை இடுங்கள்.

எழுத்துரு வாங்குமுன் மேல்கோடிட்ட ஐந்து உயிர்களையும் சிறிய, பெரிய எழுத்து இரண்டிலும் தட்டிப் பாருங்கள். இல்லாத எழுத்து வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வரும், அது மட்டும் தடித்துத் தெரியும்.

இருமொழிப் பக்கமென்றால் சமோவன் மேலே, இரண்டும் ஒரே அளவில். ஆங்கிலத்தைப் பெரிதாகப் போட்டால் பிள்ளையின் கண் அங்கேதான் போகும்.

ஓவியர்:
செம்பருத்தியும் தென்னையும் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஆக்லாந்தின் மாங்கெரேயில் வளரும் பிள்ளைக்கு வேலி, கார் நிறுத்தம், பாட்டி வீட்டுக் கூடம் எல்லாம் படத்தில் வேண்டும்.

சமோவாவின் உமு, தரைக்கு மேல் சுட்ட கற்களை அடுக்கிச் சமைக்கும் அடுப்பு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஹாங்கியும் ஃபிஜியின் லோவோவும் குழி அடுப்புகள். சமோவக் கதையில் குழி வரைந்து கொடுத்துவிட்டால் பிறகு படம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். மரப்பட்டைத் துணிக்கு சமோவாவில் ஸியபோ, தோங்காவில் ஙது, நியுவேயில் ஹியபோ என்று பெயர். கோலங்களும் வேறு வேறு. சமோவப் பச்சைகுத்தலில் பெஅ என்பது ஆண்களுக்கு, மலு என்பது பெண்களுக்கு. இவற்றைப் பக்க ஓர அலங்காரமாக இழைக்க வேண்டாம். வீட்டுக்குள் பெரியவர்கள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்த பிள்ளையையும் வரைய வேண்டாம்.

சமோவாவின் வெள்ளை ஞாயிறு அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. தோங்காவின் ஃபகமே மே முதல் ஞாயிறு. இரண்டும் குழந்தைகள் திருநாள்தான் என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மழலையர் பள்ளி ஆசிரியர்:
வீட்டுப் பேச்சில் 'க' வரும் பல இடங்களில் முறையான சமோவனில் 'த' வரும். பேச்சு வழக்கு இயல்பாக இருக்குமே என்று உரையாடலை 'க'வில் அச்சிட்டால் பெரியவர்கள் ஏற்பதில்லை. புத்தகம் 'த'வில்தான்.

சரிபார்க்க இரண்டு பேர் போதும்: தீவில் வளர்ந்த ஒருவர், நியூசிலாந்தில் பாடம் நடத்தும் ஒருவர். முடிவு யாருடையது என்பதை முதல் தலனோவாவிலேயே, அதாவது உட்கார்ந்து பேசும்போதே, சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் திருத்தியதை அடுத்தவர் பழையபடி மாற்றுவார். கதை ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ உரியதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். படம் வரைந்து முடித்தபின் கேட்டால் மறுக்க அவர்களுக்குச் சங்கடம்.