பழைய காருக்கு வீட்டிலேயே டைமிங் வைக்கும்போது மாட்டிய விசித்திரங்கள்: அனுபவப் பகிர்வு

மார்க்4_அடையாறு:

அம்பாசடர், 1489 சிசி. டெல்கோவுல (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் (காயில் கரண்ட்டை வெட்டற ஸ்விட்ச்) புதுசு, அது திறக்கற கேப் 0.38 மி.மீ., பல்பு வச்சு ஸ்டாட்டிக் டைமிங் (எஞ்சின் ஓடாம இருக்கும்போது பொறி விழற இடம்) பார்த்தாச்சு, எல்லாம் சரி. ஐடிலில் மட்டும் ஒரு நடுக்கம். ஸ்ட்ரோப் லைட்டை (பிளக் பொறிக்கு ஒரு தடவை மின்னற டைமிங் லைட்) கிராங்க் புல்லி மேல அடிச்சா, சாக்பீஸ் தடவின மார்க் ஒரு இடத்துல நிக்கல. நாலஞ்சு டிகிரி அகலத்துக்கு முன்னும் பின்னும் துள்ளுது. அந்தத் துள்ளல்தான் இன்னும் மனசுல ஓடுது, ஏன்னா பல்பு அதைக் காட்டவே இல்லை.

டெல்கோ ஷாஃப்ட் புஷ் போயிருந்துது. ரோட்டரைக் கழட்டிட்டு ஷாஃப்டைப் பக்கவாட்டுல தள்ளினா, 0.38 கேப் 0.50 வரைக்கும் விரியுது. நாலு கேம் முனையிலயும் தனித்தனியா ஃபில்லர் கேஜ் விட்டா நாலும் நாலு அளவு. கேப் பெருசானா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும் (பொறி முன்கூட்டியே விழும்), சின்னதானா லேட். டுவெல் மீட்டர்ல (பாயிண்ட் மூடியிருக்கற கோணத்தைக் காட்டறது) 1 டிகிரி குறைஞ்சா கிராங்க்ல ஏறக்குறைய 1 டிகிரி அட்வான்ஸ் ஏறும். அதனாலதான் கேப் முதல்ல, டைமிங் அப்புறம். மாத்திச் செஞ்சா ரெண்டு வேலை.

கன்மெட்டல் புஷ் அடிச்சு ரீமர் போட்டதும் மார்க் நின்னுது. புதுப்பேட்டை பக்கம் லேத்துல செஞ்சு தருவாங்க. ஒரு விஷயம்: ஸ்ட்ரோப் லைட் கிளாம்பை 1-ஆம் பிளக் வயரிலிருந்து 4-க்கு மாத்திப் பாருங்க. நாலு சிலிண்டர்ல ரெண்டுக்கும் ஒரே மார்க்தான் வரணும். வேற வேற இடத்துல வந்தா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, இல்ல கேம் தேஞ்சிருக்கு.

பெரம்பூர்_பத்மினி:

இது ஒரு பத்மினி. டைமிங் "கரெக்டா 10 டிகிரி" என்று சொல்லி விட்ட வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, பிக்கப் கிடையாது, டெம்பரேச்சர் கேஜ் முள் மேலேயே நிற்கிறது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ராத்திரி பானெட்டைத் திறந்து 2000 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மங்கலான சிவப்பில் தெரிகிறது. சிவப்பு என்றால் நிஜமாகவே சிவப்பு.

பழைய மார்க் அழிந்துபோய், யாரோ புல்லியில் புதிதாகக் கோடு கீறியிருக்கிறார்கள். டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கோட்டுக்குத் தப்பான பக்கத்தில். அதாவது 10 டிகிரி முன்னால் இல்லை, 10 டிகிரி பின்னால். பிஸ்டன் கீழே இறங்கும்போது நெருப்பு பிடித்தால் சூடெல்லாம் எக்ஸாஸ்டுக்குத்தான் போகும்.

மார்க் இல்லாத வண்டிக்கு வழி இது. நாலு பிளக்கையும் கழற்றுங்கள். 1-ஆம் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டுங்கள் (பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து போல்ட் இறுக்கினால் போதும், முனை உருண்டையாக இருக்கட்டும்). ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். செல்ஃப் அடித்தால் பிஸ்டனில் ஓட்டைதான். ஸ்டாப்பில் முட்டிய இடத்தில், பாயிண்டருக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. எதிர்த்திசையில் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டிடிசி. பிறகு டேப்பை வைத்துப் புல்லியின் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுங்கள். 130 மி.மீ. விட்டமுள்ள புல்லிக்குச் சுற்றளவு 408 மி.மீ., ஆக 10 டிகிரி என்பது 11.3 மி.மீ. எஞ்சின் முன்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. குறி புல்லியில் இருந்தால் டிடிசி கோட்டிலிருந்து கடிகாரத் திசையில் தள்ளிப் போட வேண்டும், அதுதான் பாயிண்டரை முதலில் தாண்டும். அம்பாசடர் மாதிரி கூர்முனைகள் டைமிங் கவரில் இருந்தால் கணக்கு தலைகீழ். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

மயிலை_ஹெரால்டு:

அடையாறு சார், பல்பு காட்டலைன்னு பல்பைக் குத்தம் சொல்றது நியாயமில்லை. கேப்பை நாலு முனையிலயும் முதல்லயே பார்த்திருந்தா லைட்டே வேண்டியிருக்காது. ஸ்ட்ரோப் வச்சிருக்கறவா எல்லாரும் அதைத்தான் முதல்ல கையில எடுக்கறா, ஃபில்லர் கேஜ் டப்பாவிலயே தூங்கறது.

இது ஹெரால்டு, வெர்னியர் நட் (டைமிங்கைத் துளித்துளியா நகர்த்தற திருகு) இருக்கற லூகாஸ் டெல்கோ. நாலாம் கியர்ல 40 கி.மீ. வேகத்துல மிதிச்சா சலங்கை மாதிரி ஒரு தட்டல். நம்ம ஊர் தட்டை, லோடு குடுக்க மேடு கிடையாது, அதனால கத்திப்பாரா மேம்பாலம்தான். நட்டை "ஆர்" (ரிட்டார்ட், அதாவது லேட்) பக்கம் சில கிளிக் திருப்பினதும் அதே ஏத்தத்துல, அதே வேகத்துல சத்தமே இல்லை. அந்த வித்தியாசம் எந்த லைட்லயும் தெரியாது.

பல்பு வைக்கற முறையையும் எழுதிடறேன், பாதிப்பேர் தப்பா செய்யறா. 12 வோல்ட், 3 அல்லது 5 வாட் பல்பு. ஒரு முனை காயில்ல டெல்கோவுக்குப் போற டெர்மினல்ல (பழைய லூகாஸ் காயில்னா "சிபி"ன்னு போட்டிருக்கும்), இன்னொன்னு பாடி எர்த்துல. 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன்ல இருக்கணும். பிளக் ஓட்டையில கட்டைவிரல் வச்சா காத்து தள்ளும், இல்லன்னா 4-ஆம் சிலிண்டர் வால்வு ரெண்டும் ஆடிண்டிருக்கும். இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறந்த நொடியில எரியும். நாலாம் கியர்ல போட்டு வண்டியைத் தள்ளி, எஞ்சின் சுத்தற திசையிலேயே மார்க்குக்குக் கொண்டுவரணும். தாண்டிட்டா அரை சுத்து பின்னால போய்த் திரும்ப வாங்கோ, கியர்ல இருக்கற லூஸ் அப்பதான் ஒரு பக்கமா நிக்கும். டெல்கோ பாடியை ரோட்டர் சுத்தற திசைக்கு எதிரா திருப்பினா அட்வான்ஸ், அதே திசையில திருப்பினா ரிட்டார்ட். பாடியில 1 டிகிரி, கிராங்க்ல 2 டிகிரி. கிளாம்ப் இறுக்கினப்புறம் மறுபடி ஒரு தடவை பாருங்கோ, இறுக்கும்போது நகரும். இக்னிஷனை ஆன்லயே விட்டுட்டு காபி குடிக்கப் போனா காயில் வெந்துடும்.

புதுப் பாயிண்ட்டை பெட்ரோல் தொட்ட துணியால துடைச்சுட்டுப் போடுங்கோ. மேல ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும், பல்பு அணையவே அணையாது. பாயிண்ட்டோட ஹீல் (உரசற முனை) படற கேம்ல அரிசி அளவு கிரீஸ். அது இல்லாம விட்டா ஹீல் தேஞ்சு கேப் குறுகும், டைமிங் தானா லேட்டாயிண்டே போகும்.

எட்டுநூறு_தாம்பரம்:

ஹெரால்டு சார், பாயிண்ட் இருக்கற வண்டிக்கு நீங்க சொல்றது ஓகே. கார்புரேட்டர் மாருதி 800-ல எலக்ட்ரானிக் டெல்கோ வந்தப்புறம் பல்பு வேலைக்கே ஆகாது, திறக்கறதுக்குப் பாயிண்டே இல்ல. ஸ்ட்ரோப்தான். மூணு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் 1-3-2.

மாட்டுன விஷயம் என்னன்னா, ஐடில்ல டைமிங் பக்கா. ஹைவேல மட்டும் வண்டி சோம்பேறி, மைலேஜும் இல்ல. லைட்ட அடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் குடுத்தா மார்க் அப்படியே உக்காந்திருக்கு. ஒரு இஞ்ச் நகரல! ரோட்டரைக் கையால அது சுத்தற பக்கம் திருப்பி விட்டா ஸ்பிரிங் அடிச்சுத் திரும்பணும்ல, இது திருப்பின இடத்துலயே நின்னுடுச்சு. கவர்னர் வெயிட் (வேகம் ஏற ஏற விரிஞ்சு டைமிங்க அட்வான்ஸ் பண்றது) துரு பிடிச்சு அட்வான்ஸ்லயே மாட்டிக்கிச்சு. அதை வச்சுக்கிட்டே யாரோ ஐடில் மார்க்க சரி பண்ணியிருக்காங்க. பிரிச்சு, கழுவி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் மார்க் ஓடுச்சு. அப்புறம் டைமிங்க முதல்லேர்ந்து வைக்கணும், பழைய செட்டிங் இப்ப தப்பு.

வேக்கம் பைப்ப (எஞ்சின் உறிஞ்சலால டெல்கோ பிளேட்ட நகர்த்தற குழாய்) கழட்டிட்டு வாய அடைச்சுட்டுதான் லைட் அடிக்கணும் அண்ணன்களே. ஐடிலும் மேனுவல் சொல்ற அளவுக்கு இறங்கியிருக்கணும், இல்லன்னா வெயிட் விரிய ஆரம்பிச்சுடும், தப்பு நம்பர் வரும். வேக்கம் டயாஃப்ரம் டெஸ்ட் ஈசி: டெல்கோ பக்க பைப்ப வாயில வச்சு உறிஞ்சி நாக்கால அடைங்க. உள்ள பிளேட் நகர்ந்து நின்னா நல்லது, மெதுவா திரும்பி வந்தா கிழிஞ்சிருக்கு.

ஜிபிரோடு_வாசி:

ஹெரால்டு ஐயா சொன்ன "தட்டும்வரை ஏற்று, கொஞ்சம் இறக்கு" முறை குறைந்த ஆக்டேன் பெட்ரோல் காலத்துக்கு உரியது. இப்போது பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). எத்தனால் சேர்ந்ததால் ஆக்டேன் கூடுதல், அதனால் தட்டல் லேசில் வராது. கத்திப்பாராவில் சத்தம் இல்லை என்பதற்காக டைமிங் சரி என்று ஆகிவிடாது. ஒரு பத்மினியில் இதைப் பார்க்க நேர்ந்தது: ரோட்டில் துளி சத்தமில்லை, ஆனால் சூடான எஞ்சினில் செல்ஃப் அடித்தால் மோட்டார் பாதியில் முட்டி நின்று, பின்னால் உதைத்தது. லைட்டில் பார்த்தால் மேனுவல் அளவைவிட 8 டிகிரி அதிகம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இ20-க்கு டைமிங்கை ஏற்றுவதற்கு முன் கார்புரேட்டரைப் பாருங்கள். சாதாரண பெட்ரோலுக்கு 1 கிலோவுக்குக் காற்று 14.7 கிலோ, இ20-க்குச் சுமார் 13.5 போதும். ஜெட் அதே சைஸ் என்றால் மிக்சர் லீன் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமை) ஆகிறது. லீன் மிக்சரில் வரும் தயக்கத்தையும் சூட்டையும் டைமிங் கோளாறு என்று நினைத்து டெல்கோவைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். முதலில் பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாக்குங்கள். எஸ்யூ வகைக் கார்புரேட்டர் என்றால் ஜெட் நட்டை ஒரு ஃபிளாட் இறக்கினால் போதும். ஃப்ளோட் லெவல் பாருங்கள். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி இளகும், உள்பக்கம் உதிரும், ஆகவே எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றுங்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கில் ஈரம் சேரும், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் முடிந்தபின் டைமிங்கை மேனுவல் அளவிலேயே வையுங்கள்.

மயிலை_ஹெரால்டு:

நான் ஏத்தச் சொல்லவே இல்லையே. இறக்கினதைத்தான் எழுதினேன். மேனுவல் அளவுல வச்சப்புறம்தான் மேம்பாலம்.

கண்டென்சர்_கந்தல்:

டைமிங் சண்டை நடக்கட்டும். வியாசர்பாடியில் ஒரு அம்பாசடர். காலையில் ஒழுங்கு, மத்தியான வெயிலில் அரை மணி ஓடினால் மிஸ்ஸிங், கார்புரேட்டர் வழியாகத் தும்மல். டைமிங்தான் நகர்கிறது என்று ஆளாளுக்கு டெல்கோவைத் திருப்பி வைத்திருந்தார்கள். சூடாக இருக்கும்போதே டெல்கோ மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் பாயிண்ட் நடுவில் தடித்த நீலப் பொறி. நல்ல கண்டென்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் காப்பது) இருந்தால் அங்கே கண்ணுக்கு ஏதும் பெரிதாகத் தெரியக்கூடாது. குளிர்ந்ததும் பொறி காணாமல் போய்விட்டது.

கண்டென்சர் 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் குளிராக அளந்தால் நல்லதாகவே காட்டும்; ஹேர் டிரையரால் சூடாக்கி அளந்து பாருங்கள். ஒரு பாயிண்டில் குழியும் எதிர்ப் பாயிண்டில் மேடும் சீக்கிரமே வளர்ந்தால் கண்டென்சர் சந்தேகம். மேடு இருக்கும்போது ஃபில்லர் கேஜ் மேட்டின் உச்சியைத்தான் அளக்கும், நிஜக் கேப் அதைவிடப் பெரிது. உப்புக் காகிதம் போட்டு மட்டம் செய்துவிட்டு அளக்க வேண்டும், அல்லது டுவெல் மீட்டர். லூகாஸ் 25டி4 டெல்கோவுக்கு டுவெல் 60 டிகிரி, 3 கூடலாம், 3 குறையலாம்.

காயிலையும் பாருங்கள். பாலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது) இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் பாயிண்ட் கருகும். 3 ஓம் வேண்டும். நடுவில் பித்தளை ரிவெட் வைத்த மலிவு ரோட்டரை வாங்காதீர்கள். ரிவெட் வழியாக ஷாஃப்டுக்குக் கரண்ட் பாயும், வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. சோதிக்க, காயிலின் நடு வயரை ரோட்டரின் உலோகத் தகட்டுக்கு 5 மி.மீ. மேலே பிடித்து (காப்பிட்ட பிளையரால்) பாயிண்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூடுங்கள். பொறி குதித்தால் ரோட்டர் ஒழுகுகிறது, தூக்கிப் போடுங்கள்.