ஃபைபர் வராத வீட்டுக்கு வயர்லெஸ் இணையம்: யோசனை சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. அன்லிமிடெட் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் வீடு முழுக்கப் பயன்படுத்துகிறோம். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் குறைந்து, மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுக்கான 5ஜி ரவுட்டர் வாங்கலாமா? 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது பலவீனமாகிவிடும். அதனால் மாடியில் ஆன்டெனா பொருத்தும் வகைதான் சரி என்று தோன்றுகிறது. யாராவது வைத்திருக்கிறீர்களா? மாலையில் டவரில் நெரிசல் கூடும்போது வேகம் எப்படி? அதற்கும் மாத வரம்பு உண்டா?

அப்புறம், சாட்டிலைட் இணையம். 35,786 கிலோமீட்டர் உயரத்துச் சாட்டிலைட் என்றால் சிக்னல் போய்வரவே ஏறக்குறைய அரை நொடி ஆகும், வீடியோ காலுக்கு ஒத்துவராது. ஸ்டார்லிங்க் போலத் தாழ்வாகச் சுற்றுபவை பரவாயில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி வானத்தை மறைக்கும் உயரமான மரங்கள். மரங்களுக்கு நடுவே பயன்படுத்துபவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.