கலைச்சொல் உதவி: துருவேறிய போல்ட்டில் விடும் எண்ணெய்க்குத் தமிழில் என்ன பெயர்? (அவசரம்)

நம் மடற்பட்டியல் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே பழுதுபார்ப்பது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பட்டி போடுவது, தகடு வெட்டிப் பற்றவைப்பது எல்லாம் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். சரக்குப் பெட்டியைச் சட்டகத்திலிருந்து கழற்றும் அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடக்கும். முதல் நாள் இரவே மெல்லிய எண்ணெய் ஒன்றைப் பீய்ச்சி விடவேண்டும், அது மரைக்குள் இறங்கிப் பிடியைத் தளர்த்தும் என்கிறார்கள். அதுதான் 'பெனிட்ரேட்டிங் ஆயில்'. நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது. அப்படியே ஒலிபெயர்த்தால் வரிக்கு வரி கல் கடிக்கிறது.

ஒரு நிபந்தனை. இதே நூலில் துருநீக்கி, துருமாற்றி என்று வேறு இரண்டும் வருகின்றன. அவற்றோடு குழம்பாத சொல் வேண்டும்.

(என் வீட்டுக் கொல்லையிலும் இதே வேலை நடக்கிறது. கையேட்டைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.)

– மொழிபெயர்ப்பவன்

* * *

தம்பிக்கு,

இதற்கு இவ்வளவு தவிப்பு எதற்கு? ஊடுருவெண்ணெய். ஊடுருவிய, ஊடுருவுகின்ற, ஊடுருவும் எண்ணெய் என மூன்று காலமும் கொள்ளும் வினைத்தொகை. 'ஊடுருவு' முற்றியலுகரமாயிற்றே, உகரம் கெடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூலார் இடம் கொடுத்திருக்கிறார். கதவு + அழகு = கதவழகு போல.

இன்னொன்று. 'ஊடுருவு' என்பதே ஊடு + துருவு என்பது என் நெடுநாள் எண்ணம். இரும்பைத் துருவித் தின்பதால்தான் துருவுக்குத் துரு என்று பேர். ஆக, துருவை வெல்லும் எண்ணெயின் பெயருக்குள்ளேயே துரு ஒளிந்திருக்கிறது. தமிழின் நுட்பம் பாருங்கள்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

* * *

> ஊடு + துருவு என்பது என் நெடுநாள் எண்ணம்

ஐயா, அந்தத் தகரம் எங்கே போயிற்று? 'ஊடு' நெடிற்றொடர்க் குற்றியலுகரம். அதன்முன் தகரம் வந்தால் இருக்குமே தவிர, ஓடிப்போக விதி இல்லை. உறையிலிருந்து வாளை உருவுகிறோம், அம்பு மார்பை உருவிப் போகிறது. ஊடு + உருவு, அவ்வளவே. இரண்டு சொல்லிலும் 'உரு' என்று காதில் விழுவது தற்செயல்.

என் மறுப்பு சொல்லின் பிற்பாதிக்கு. எண்ணெய் என்றால் எள் + நெய். கல்லெண்ணெயை வடித்து எடுத்த திரவத்துக்குள் எள் எப்படி வந்தது? பழந்தமிழில் 'நெய்' தனியே நின்றே இப்பொருளைத் தரும். எனவே புகுநெய். நான்கே எழுத்து, மாசு இல்லை.

– சொல்லாய்வன்

* * *

அண்ணா, மண்ணெண்ணெயில் எள்ளைக் கண்டவர் யார்? அதற்காக விளக்கு எரியாமல் இருந்ததா? புகுநெய் என்று அச்சிட்டால், வாசகர் அடுக்களைக்குப் போய் நெய்ச்செம்பை எடுத்து வந்து போல்ட்டில் ஊற்றுவார்.

செய்கிற வேலையைக் கொண்டு பெயர் வைப்போமே. துருவை இளக்குகிறது. துரு + இளக்கி = துருவிளக்கி.

– கல்லூரி மாணவி

* * *

தங்கச்சி, நான் உங்கட சொல்லை முதலில் 'துரு விளக்கி' எண்டுதான் வாசிச்சன்! பாத்திரம் விளக்கிற மாதிரி, துருவைத் தேய்ச்சு விளக்கிற மருந்து எண்டு. உடம்படுமெய் செய்த வேலை.

பகிடி இல்லை, இதில ஒரு ஆபத்தும் இருக்கு. தகட்டில இருக்கிற துருவைப் போக்க இதுதான் மருந்தாக்கும் எண்டு நினைச்சு ஒருவர் கதவு முழுக்க அடிச்சார் எண்டு வையுங்கோ. எண்ணெய்ப்பசை மிஞ்சின இடத்தில பூச்சு ஒட்டாது, குழி குழியா விலகி நிற்கும். துருமாற்றி வேற சாமான்: தானின் அமிலம் துருவோட சேர்ந்து கருநீலப் படலமா மாறும், அதுக்கு மேல பூச்சு அடிக்கலாம். இரண்டுக்கும் பேர் கிட்டக் கிட்ட இருக்கக்கூடாது.

எங்கட பக்கம் துரு எண்டு சொல்லுறதே குறைவு. கறள் எண்டுதான். 'நட்டு கறள் கட்டிப்போச்சு.' நட்டுக்குப் புத்தகத்தில சுரை எண்டு படிச்சனாங்கள். நீங்கள் மரை எண்டு எழுதுறது நட்டையோ, போல்ட்டில சுத்திப்போற புரியையோ?

– ஈழத்து அக்கா

* * *

அக்கா கேட்டது நியாயம். நான் எழுதியது புரியை. ஆனால் பட்டறையில் மரை என்றால் இரண்டும்தான். மாற்றிவிடுகிறேன்.

* * *

மரை அல்ல, மறை. ஆணியை உள்ளே மறைத்துக்கொள்வது மறை.

– சொல்லாய்வன்

* * *

அப்படியானால் 'மறை கழன்றவன்' என்றால் வேதம் கழன்றவனா? மரை என்றால் மான், மரைமலர் என்றால் தாமரை, அதில் திருகும் சேர்ந்துகொள்ளட்டுமே. இதைப் பற்றிப் பட்டியலில் ஏற்கெனவே ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியாயிற்று. தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

* * *

ரெண்டு நாளாப் படிச்சிட்டு இருக்கேன். ஒருத்தரும் போல்ட்டைத் தொட்ட மாதிரித் தெரியல. கொஞ்சம் நான் சொல்றேன்.

துரு, அது தின்ன இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனாலதான் பெயின்ட்டுக்கு அடியில கொப்புளம் கிளம்புது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளிதான், அதுல துரு உப்பி ஆப்பு வச்ச மாதிரி இறுக்கிடும். இந்த எண்ணெய் துருவைக் கரைக்காது. தண்ணி மாதிரி மெல்லிசு, பரப்பு இழுவிசை கம்மி, அதனால விளக்குத்திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அந்த இடுக்குக்குள்ள தானா ஏறும். உள்ளே போய் வழுக்க வைக்கும். அவ்வளவுதான் அதோட வேலை.

முதல்ல கம்பிப் பிரஷ்ஷால வெளியே தெரியற புரியைத் தேய்ச்சிடுங்க, இல்லேன்னா எண்ணெய் மேல்துருவுலேயே நின்னுடும். எண்ணெய் விட்டு, போல்ட் தலையில சுத்தியலால நாலு தட்டு தட்டுங்க. ராத்திரி அப்படியே விடுங்க. காலையில எடுத்த எடுப்புல கழட்டாதீங்க, கால் சுத்து இறுக்கிப் பாருங்க. 'கிரீச்'னு ஒரு சத்தம் வரும். அது வந்தா போல்ட் உங்க கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் முன்னும் பின்னுமாத் திருப்பித் திருப்பிக் கழட்டுங்க. பன்னிரண்டு பட்டை சாக்கெட் வேண்டாம், ஆறு பட்டைதான், இல்லேன்னா தலை மழுங்கிடும். அதுக்கும் மசியலேன்னா நட்டை மட்டும் சூடாக்கணும், ஆனா எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சிட்டு. தீப்பிடிக்கிற சரக்கு அது. பிரேக் லைனிங் மேல ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாதுன்னும் எழுதிடுங்க.

பேரு கேட்டீங்கல்ல? பட்டறையில 'ஆயில் விட்டு ஊறப்போடு'ன்னு சொல்லுவோம். ஊறெண்ணெய்னு வைங்க. சின்னப் பையனுக்கும் புரியும்.

– பழைய பட்டறைக்காரன்

* * *

பட்டறைக்கார ஐயாவுக்குப் பணிவான வணக்கம். இத்தனை ஆண்டுப் பட்டியலில் இப்படி ஒரு மடல் வந்ததில்லை. ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. 'ஊறொரால் உற்றபின் ஒல்காமை' (662) என்ற குறளில் ஊறு என்றால் இடையூறு. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' (27) என்பதில் தொடுவுணர்வு. ஊறெண்ணெய் என்றால் ஊறு செய்யும் எண்ணெய் என்றாகாதா?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

* * *

'தொட்டனைத் தூறும் மணற்கேணி'யும் (396) அதே வள்ளுவர்தானே ஐயா? பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன் இடையூறு, தொடுவுணர்வு என்று பொருள்கோள் நடத்த மாட்டான். ஊறெண்ணெய்க்கே என் வாக்கு. துருவிளக்கியைத் திரும்பப் பெறுகிறேன்.

– கல்லூரி மாணவி

* * *

அந்தக் குறளில் கேணிக்குள்ளிருந்து நீர் வெளியே வருகிறது, இங்கே எண்ணெய் உள்ளே போகிறது. திசை வேறு. மேலும் துணி நீரில் ஊறும், நீர் துணியில் ஊறுமா? ஊறுவது போல்ட். எண்ணெய் அன்று. புகுநெய்யே பொருந்தும்.

– சொல்லாய்வன்

* * *

இடையில் ஒரு சொல். கடையில் விற்கும் 'டபிள்யூடி-40' என்ற தெளிப்பானைப் பலரும் எல்லாவற்றுக்கும் 'அடி' என்பதால் அதன் பெயரைப் பார்த்தேன். 'நீரை விலக்குவது, 40ஆவது முயற்சி' என்பதன் சுருக்கமாம், 1953இல் உருவானது. ஆகவே 'நீர்விலக்கி' எனலாமே?

– இன்னொரு உறுப்பினர்

* * *

பேரே சொல்லுதே, அது ஈரத்தை விலக்கித் துருப்பிடிக்காமல் காக்க வந்தது. இறுகினதை இளக்குறதுக்குன்னு தனியா வர்ற எண்ணெயைத்தான் தம்பி கேட்கிறார். விலக்கி, இளக்கி, விளக்கி... போதும்யா.

– பழைய பட்டறைக்காரன்

* * *

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: ஊடுருவெண்ணெய் ஐந்து, ஊறெண்ணெய் மூன்று, புகுநெய் ஒன்று (முன்மொழிந்தவரே).

பாதி மனத்தோடு ஊடுருவெண்ணெயை எடுத்துக்கொள்கிறேன். அத்தியாயத்தில் முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஊடுருவெண்ணெய், அதாவது துருவேறிய புரிக்குள் இறங்கிப் பிடியைத் தளர்த்தும் எண்ணெய்' என்று விரித்து எழுதுகிறேன். பூச்சு அடிக்க வேண்டிய தகட்டில் படக்கூடாது என்று அக்கா சொன்னதும், பிரேக் எச்சரிக்கையும் கட்டம் கட்டிப் போகின்றன.

* * *

என் எதிர்ப்பைப் பதிவு செய்க. எள்ளில்லா எண்ணெய் இன்னொன்று பிறந்தது.

– சொல்லாய்வன்

* * *

அது கிடக்கட்டும் தம்பி. உங்கட வண்டிப் பெட்டி கழண்டதோ?

– ஈழத்து அக்கா

* * *

எட்டு போல்ட்டில் ஆறு வந்துவிட்டது அக்கா. பட்டறைக்கார ஐயா சொன்ன அந்தக் 'கிரீச்' ஆறு முறையும் கேட்டது. ஒன்று தலை முறிந்தது, துளையிட்டுத்தான் எடுக்கவேண்டும். கடைசி ஒன்று நேற்று ராத்திரியிலிருந்து எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.

* * *

> எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது

என்னமோ சொல்ல வர்றீங்க போல!

– பழைய பட்டறைக்காரன்