கட்டண ஆன்டிவைரஸ் வாங்குவதா, விண்டோஸில் இருப்பதே போதுமா?

செங்கை வாசகன்
வீட்டில் ஒரே ஒரு கணினி, விண்டோஸ் 10. நான் வங்கிக் கணக்கு பார்ப்பதும் வருமான வரிப் படிவம் நிரப்புவதும் அதில்தான். கல்லூரியில் படிக்கும் மகனின் ப்ராஜெக்ட், விளையாட்டு எல்லாமும் அதில்தான். போதாததற்கு, ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவ் அடிக்கடி எதையாவது இழுத்துக்கொண்டு வருகிறது. சர்வீஸ் கடையில் மூன்றாண்டு உரிமத்தோடு கட்டண ஆன்டிவைரஸ் போடச் சொல்கிறார்கள். அண்ணன் மகனோ, "சித்தப்பா, காசைக் கரியாக்காதீர்கள், விண்டோஸோடு வருவதே போதும்" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

இளவழகன்
அண்ணன் மகன் சொல்வதைக் கேளுங்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகவே கணினியோடு வருகிறது. தொடக்கத்தில் நோஞ்சானாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாக மதிப்பெண் வாங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

வெளியிலிருந்து வாங்குவதில் வேறு தொல்லையும் உண்டு. ஆன்டிவைரஸ் என்பது கணினியின் அடிமடி வரை கைவைக்க அனுமதி பெற்ற மென்பொருள். அவாஸ்ட் என்ன செய்தது? தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. விஷயம் வெளியே வந்ததும் 2020இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வைத்தவனே வேவு பார்த்த கதை.

ஈரோடு சர்வீஸ்
கடை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆன்டிவைரஸ் விற்றால் எனக்கு லாபம் உண்டு, அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஆய்வக மதிப்பெண் வேறு, என் மேசைக்கு வரும் கணினி வேறு.

ஒரு மாதிரி சொல்கிறேன். திறந்தால் எல்லாப் புகைப்படங்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கும். எதுவும் திறக்காது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் "ரீட்மி" என்று ஒரு குறிப்பு: கோப்புகளைத் திறக்கும் சாவியின் விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். ஆடித் தள்ளுபடி போல எழுதியிருப்பான். இது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். பெயர் ஸ்டாப் அல்லது டிஜேவியு. பெரிய நிறுவனங்களை இது தேடிப் போவதில்லை, இதன் இரை வீட்டுக் கணினிகள்தான். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019இல் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பழைய வகைகள் பலவற்றுக்கு அது பலித்தது. புதியவற்றில் பெரும்பாலும் கைவிரிக்க வேண்டியதுதான். இப்படி வந்த கணினிகளில் டிஃபெண்டர் இருந்தது, அணைக்கப்பட்ட நிலையில்.

இளவழகன்
அணைத்தது யார்? அதையும் சொல்லிவிடுங்கள்.

டிஜேவியு பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் மென்பொருள் வழியாகத்தான் பரவியது. பதிவிறக்கும் ஜிப் கோப்பைப் பாருங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு குறிப்பில் அந்தக் கடவுச்சொல்லையும் எழுதி வைத்திருப்பார்கள். திருடனுக்கு எதற்குப் பூட்டு? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான். அடுத்த வரியில் "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், அது தவறாக எச்சரிக்கும்" என்று இருக்கும். அதை நம்பி டிஃபெண்டரை அணைத்தவர், மூன்றாண்டு உரிமம் வாங்கியதை மட்டும் அணைக்காமல் விடுவாரா?

ஈரோடு சர்வீஸ்
விடமாட்டார். ஆனால் அவரால் அணைக்க முடியாதபடி செய்யலாம். கட்டண மென்பொருள்கள் பலவற்றில் அமைப்புகளுக்குக் கடவுச்சொல் போடும் வசதி உண்டு. அப்பா கடவுச்சொல் போட்டுவிட்டால் மகன் அணைக்க முடியாது. டிஃபெண்டரில் இருக்கும் டேம்பர் புரொடெக்‌ஷன் மற்ற நிரல்கள் டிஃபெண்டரை அணைப்பதைத்தான் தடுக்கும். அட்மின் கணக்கில், அதாவது அமைப்புகளை மாற்ற முழு உரிமையுள்ள கணக்கில், உட்கார்ந்திருக்கும் மனிதர் இரண்டு சொடுக்கில் அதையே அணைத்துவிடலாம்.

இளவழகன்
மகனை எதற்கு அட்மின் கணக்கில் உட்கார வைக்கிறீர்கள்? அவனுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுங்கள். டிஃபெண்டரை அணைக்கப் போனால் அப்பாவின் கடவுச்சொல்லைக் கேட்கும். காசு செலவில்லை.

ஈரோடு சர்வீஸ்
நல்ல யோசனைதான். ஆனால் சாதாரணக் கணக்கு எல்லாவற்றையும் காக்கும் என்று செங்கைக்காரர் நம்பிவிடக் கூடாது. ரான்சம்வேர் புகைப்படங்களைப் பூட்டுவதற்கு அட்மின் உரிமையே தேவையில்லை. மகன் திறந்து எழுதக்கூடிய எந்தக் கோப்பையும் அவன் பெயரில் ஓடும் நிரலும் திறந்து எழுதும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்ற பகுதிக்குள் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்று ஒன்று 2017 முதல் இருக்கிறது. அறிமுகமில்லாத நிரல்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைக்க விடாது. அதை மைக்ரோசாஃப்ட் அணைத்த நிலையில்தான் தருகிறது. டிஃபெண்டரே போதும் என்று வாதாடுபவர்களில் எத்தனை பேர் அதை இயக்கி வைத்திருக்கிறார்கள்?

இளவழகன்
நான் வைத்திருக்கிறேன். முதல் வாரம் எரிச்சலூட்டும். புதிய நிரல் எதைச் சேமித்தாலும் தடுக்கும், ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டும். பிறகு பழகிவிடும்.

பென்குயின் பிரியன்
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள். இந்தப் பேச்சே வேண்டியிருக்காது.

ஈரோடு சர்வீஸ்
பையன் விளையாடும் விளையாட்டு ஓடவில்லை என்று மூன்றாம் நாள் கணினியை என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

நிலா
இருவரும் கோப்பு வழியாக வருவதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2024 முதல் பரவலாக நடக்கும் ஒரு மோசடியைச் சொல்கிறேன்.

ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்யுங்கள்" என்று பெட்டி வரும். சொடுக்கினால் படம் எதையும் காட்டாது. மூன்று கட்டளைகள் வரும்: விண்டோஸ் விசையோடு ஆர், கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர். நீங்கள் பெட்டியைச் சொடுக்கிய நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தது தங்கும் இடத்தில், வைத்துவிட்டிருக்கும். விண்டோஸின் ரன் பெட்டியைத் திறந்து, அதை ஒட்டி, ஓடவிடுவது நீங்களேதான். பெரும்பாலும் இப்படி உள்ளே வருவது தகவல் திருடி. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், எந்தெந்தத் தளத்தில் லாகின் செய்திருக்கிறீர்கள் என்பதற்கான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி கையில் கிடைத்துவிட்டால் பல தளங்களில் ஓடிபி கேட்காமலே உள்ளே நுழையலாம்.

இதில் வைரஸை மட்டும் நீக்கிப் பயனில்லை. வேறொரு சாதனத்திலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும், "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். வங்கிக்கும் விளையாட்டுக்கும் ஒரே கணினி என்றால் எனக்குக் கவலை இதுதான், எந்த ஆன்டிவைரஸ் என்பதல்ல.

செங்கை வாசகன்
விண்டோஸ் அப்டேட் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் கணினியில் அது வருவதே இல்லை. முன்பு சர்வீஸ் செய்தவர் நிறுத்தி வைத்திருப்பதாக மகன் சொல்கிறான்.

இளவழகன்
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்! டேட்டா தீர்கிறது, வேகம் குறைகிறது என்று வாடிக்கையாளர் முனகியதும் அப்டேட்டை நிறுத்தித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி 150 நாடுகளுக்கு மேல் போனது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் இருந்த கணினிகள்தான் மாட்டின. யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது.

ஈரோடு சர்வீஸ்
இதில் இளவழகனோடு எனக்குச் சண்டை இல்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்பவர்களும் வாடிக்கையாளர்களே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் அப்டேட்டைத்தான் திட்டுவார்கள்.

விண்டோஸ் 10 என்பதால் இன்னொன்று. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்றுதான் அப்போது அறிவித்தார்கள். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பட்டியல் புதிதாக இருப்பதால் விண்டோஸில் இருக்கும் ஓட்டை அடைபடாது. கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காதென்றால் மூன்றாண்டு உரிமம் வாங்குவது வீண் என்று, விற்பவனாகிய நானே சொல்கிறேன்.

நிலா
உரிமத்துக்கு வைத்த பணத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாமே?

ஈரோடு சர்வீஸ்
வாங்கலாம். ஆனால் வாங்கியதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருக்கிறார்கள். ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். வாரம் ஒரு முறை செருகுங்கள், நகலெடுங்கள், கழற்றி பீரோவில் வையுங்கள்.

செங்கை வாசகன்
மகனுக்குத் தனிக் கணக்கு போட்டாயிற்று. அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வங்கி வேலை என் கணக்கில் மட்டும். ஆன்டிவைரஸ் முடிவு, விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்த பிறகு. ஜெராக்ஸ் கடை பென் டிரைவுக்கு மட்டும் வழி சொல்லுங்கள். கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன.

ஈரோடு சர்வீஸ்
மாறவில்லை. அசலை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது அந்தப் புழு. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால்தான் உங்கள் கணினிக்குத் தாவும். எனவே சொடுக்காதீர்கள். ஃபோல்டர் அமைப்பில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். "பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை" என்பதில் இருக்கும் குறியையும் எடுங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அசல் தெரியும். அதில் உங்களுடைய ஆவணங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள்.

இளவழகன்
பென் டிரைவே எதற்கு? பிடிஎஃப் ஆக்கிக் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

நிலா
வருமான வரிப் படிவத்தையுமா? கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யார் யாருடைய ஆதார் நகலெல்லாம் கிடக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். அதற்குப் பென் டிரைவே மேல். அச்சுக்கென்று தனியாக ஒன்று வைத்து, அச்செடுக்க வேண்டிய ஒரு கோப்பை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.